தொழிற்கல்விக்கு வழிகோலிய ஜி. டி. நாயுடு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை ஒரு காலத்தில் ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர்களாக விளங்கின. 1949-ஆம் ஆண்டில் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருப்பெற்றது. உழவை நம்பி வாழ்ந்த சிற்றூர்களிலிருந்து எண்ணற்ற குடும்பங்கள் இப்பகுதியை நாடி வந்தன. வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து பெயர்ந்து வந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களும் அவற்றுள் உண்டு. ஏர் பிடித்த தலைமுறைக்குப் பின் எந்திரம் பிடிக்கும் தலைமுறை ஒன்று இங்கே உருவாயிற்று.

அந்தத் தலைமுறைக்குத் தேவைப்பட்ட கல்வி எது? எத்தனை ஆண்டுகள் அதைக் கற்க வேண்டும்? வகுப்பறையில் கற்பதா, பட்டறையில் கற்பதா? இவ்வினாக்களை நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே எழுப்பி, தாம் கண்ட விடைக்காகத் தாம் ஏற்ற பதவியையும் துறந்தவர் ஒருவர் கொங்கு நாட்டில் இருந்தார். அவரே ஜி. டி. நாயுடு என்று நாடறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு ஆவார்.

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூருக்கு அருகில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். மிக இளமையிலேயே தாயை இழந்தார். திண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பட்ட சிறுவனுக்கு மனப்பாடப் படிப்பு பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடினான் என்று அவரைப் பற்றிக் கொங்கு நாட்டில் இன்றும் கூறுவர். பள்ளிப் படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுபோயிற்று. தந்தையின் நிலத்தில் வேலை செய்யும் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

பள்ளியை வெறுத்தாரேயன்றி அறிவை அவர் வெறுக்கவில்லை. கைக்குக் கிடைத்த நூல்களைத் தாமே படித்தார். கண்ணில் பட்ட பொருள் எதுவாயினும் அது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்தார். இந்த இயல்பே அவருடைய வாழ்வின் திருப்பத்துக்குக் காரணமாயிற்று.

ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி முதன்முதலாகக் கண்டார். அதனை எப்படியேனும் வாங்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஊரைவிட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையை ஏற்றார். ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த அதிகாரியிடமே சென்று வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஏறி ஊர்சுற்றி மகிழ்வது இளமைக்கு இயல்பு. அவரோ அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, அவை எவ்வாறு இணைந்து இயங்குகின்றன என்பதை உணர்ந்து, மீண்டும் பூட்டினார். ஆசிரியர் இல்லாத அந்தப் பாடமே அவரை எந்திரப் பணியாளராக ஆக்கிற்று. செய்து பார்த்துக் கற்பதே கல்வி என்னும் கருத்து அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது எனலாம்.

எடுத்த முயற்சிகள் எல்லாம் அவருக்கு வெற்றி தந்துவிடவில்லை. திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பருத்தி வாணிகத்தில் இறங்கி, ஈட்டியதை இழந்தார். ஆயினும் கற்ற கைவேலையை எந்தச் சந்தையாலும் பறிக்க இயலவில்லை. கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் 1920-ஆம் ஆண்டில் பேருந்து ஒன்றைப் பெற்றார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். பழுது நேர்ந்தால் தாமே பார்த்தார். அந்த ஒற்றைப் பேருந்து சில ஆண்டுகளில் யு. எம். எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. காலந்தவறாமைக்கும் ஒழுங்குக்கும் அந்நிறுவனம் பெயர்பெற்று விளங்கிற்று.

போக்குவரத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பீளமேட்டில் அவர் அமைத்த தொழிற்கூடத்திலிருந்து 1937-இல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதனை உருவாக்கியவர் அவருடன் இணைந்து உழைத்த டி. பாலசுந்தரம் நாயுடு ஆவார். கிணற்று நீரை நம்பிய கொங்கு வேளாண்மைக்கும், கோயம்புத்தூரில் பின்னர்ப் பெருகிய மோட்டார், பம்பு தொழில்களுக்கும் அம்முயற்சி ஒரு தொடக்கமாக அமைந்தது. உலர் மின்கலத்தில் இயங்கும் முகச்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, வாக்குப்பதிவுக் கருவி எனப் பலவற்றை அவர் உருவாக்கினார். ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941-இல் அறிவித்தார். பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வு நிகழ்த்தினார். ஐரோப்பிய நாடுகளுக்குப் பலமுறை சென்று அங்குள்ள தொழிற்சாலைகளை நேரில் கண்டு வந்தார்.

இத்தனை சிறப்புகளுக்கும் இடையே, தமிழ்நாட்டு இளைஞர்கள் அவருக்கு நன்றி செலுத்த வேண்டிய தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அது தொழிற்கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டாகும். 1944-ஆம் ஆண்டில் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகி, அறப்பணிகளுக்கும் கல்விக்கும் பொருளை ஒதுக்கினார். அக்காலத்தில் பொறியியல் படிக்க விரும்பும் தமிழ் இளைஞன் கிண்டியை நோக்கிச் சென்றாக வேண்டும். அங்கே இடங்களோ மிகச் சில. கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகியிருந்தும் அவற்றை நடத்தும் நுட்பம் கற்பிக்க உள்ளூரில் கல்லூரி இல்லை. அக்குறையைப் போக்க, 1945-ஆம் ஆண்டில் அவருடைய கொடையால் ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றின. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. கல்லூரியின் முதல்வர் பொறுப்பை, தொடக்கப் பள்ளியைத் தாண்டாத நாயுடுவே ஏற்றார். பட்டம் பெறாத ஒருவர் பட்டக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்த விந்தை அங்கே நிகழ்ந்தது.

அங்கேதான் கருத்து வேறுபாடும் முளைத்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் என்பது அரசின் விதி. மாணவனின் இளமைக் காலத்தை அது வீணாக்குகிறது என்றும், முறையாகக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் நாயுடு கருதினார். நீண்ட விடுமுறைகளும் பட்டறையோடு ஒட்டாத பாடங்களும் ஆண்டுகளை நீட்டுகின்றன என்பது அவர் கொள்கை. குறுகிய காலப் படிப்பை நடத்த அரசிடம் இசைவு கேட்டார். ஆங்கிலேய அரசு அதற்கு உடன்படவில்லை. தம் பொருளால் எழுந்த நிறுவனத்தின் முதல்வர் பதவியைவிட்டு நாயுடு விலகினார்.

இந்த விலகலை ஒரு செல்வரின் பிடிவாதம் என்று மட்டும் கருதுவது பொருந்தாது. பொருள் வளம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு நான்கு ஆண்டு என்பது பெரிதன்று. தந்தையின் கூலியை நம்பியிருக்கும் வீட்டில் மூத்த மகன் நான்கு ஆண்டு சம்பாதிக்காமல் இருப்பது தங்கையின் திருமணத்தையும் தம்பியின் படிப்பையும் நிறுத்திவிடும். படிப்பு நீள நீள, ஏழை அதன் வாயிலிலேயே நின்றுவிடுகிறான். உணவு விடுதியில் பரிமாறிப் பணம் சேர்த்தவருக்கு இந்த உண்மை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரசின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பாலத்தையும் அணையையும் கட்டுபவனுக்குக் கணிதமும் இயற்பியலும் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பழக்கம் மட்டும் அதற்குப் போதாது. பல்கலைக்கழகம் ஏற்காத சான்றிதழைக் கொண்டு மாணவன் எங்கே வேலை தேடுவான் என்னும் கவலையும் இருந்தது. காலம் இருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தது. கல்லூரி, நாயுடு விலகிய பின்னும் வளர்ந்து, தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்து, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் இன்றும் தலைசிறந்து விளங்குகிறது. அதன்வழிப் பல தலைமுறைப் பொறியாளர்கள் உருவாயினர்.

குறுகிய காலத்தில் கைத்தொழில் நுட்பம் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்தும் அழிந்துவிடவில்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை மைய அரசு 1950-இல் தொடங்கியது. அதன்வழி நாடெங்கும் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் ஆகிய பிரிவுகளுக்கு இரண்டு ஆண்டும், வெல்டர் பிரிவுக்கு ஓராண்டும் போதும் என்று அங்கே வகுக்கப்பட்டது. தொழிற்சாலைகளே இளைஞரை ஊதியத்துடன் பழக்க வேண்டும் என்று கூறும் தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் நிறைவேறியது. வாரத்தில் சில நாள் பள்ளியிலும் மற்ற நாள்களில் தொழிற்கூடத்திலும் கற்கும் முறை செருமனி நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. அந்நாட்டின் தொழில் வளத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பர். தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் வைக்கப்பட்டது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இக்கல்வியின் பயனை வீதிதோறும் காணலாம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே 1957-இல் தொடங்கப்பெற்ற முருகப்பா பாலிடெக்னிக்கும், அம்பத்தூரின் அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் அதற்குச் சான்று. பத்தாம் வகுப்போடு பயிற்சி நிலையத்துக்குச் சென்ற மாணவன் பின்னர்ப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றவன் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலையில் இருப்போர் பகுதிநேரமாகப் பட்டயம் பயிலவும் வழியுண்டு. இடையில் சம்பாதித்துக்கொண்டே மேலே ஏறத்தக்க படிகள் இவை. நாயுடு கேட்டது ஏறக்குறைய இதுவே.

ஆயினும் இன்றைய குடும்பங்களில் தொழிற்பயிற்சி நிலையம் என்றால் மதிப்பெண் குறைந்தவர் செல்லும் இடம் என்னும் எண்ணம் நீடிக்கிறது. கையில் அழுக்குப்படியாத வேலையே உயர்ந்தது என்று கருதி, கடன் வாங்கியேனும் பிள்ளையைப் பட்டப்படிப்பில் சேர்க்கின்றனர். பட்டம் பெற்றும் ஒரு மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரியாமல் வேலை தேடி அலையும் இளைஞர் பலர். அதே தெருவில், தொழில் கற்ற கைகளுக்கு ஆள் கிடைக்காமல் சிறு பட்டறைகள் தவிக்கின்றன.

கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதுவது சமண மரபுக்கும் ஏற்புடையதன்று. கற்பக மரங்கள் வற்றி மக்கள் பிழைக்கும் வழியறியாது தவித்த காலத்தில், ஆதிநாதர் அவர்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்று புராணங்கள் கூறும். வாளும் எழுத்தும் உழவும் கலையும் வாணிகமும் அவற்றுள் அடங்கும். ஆறாவதாக நிற்பது சிற்பம். அது கல்லில் உருச்செய்வதை மட்டும் குறிப்பதன்று. கையால் பொருள் செய்யும் நுட்பம் அனைத்தையும் குறிக்கும் சொல்லாகும்.

ஜி. டி. நாயுடு 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் மறைந்தார். அவர் உருவாக்கிய கருவிகளும் சேகரித்த பொருள்களும் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள காட்சிக்கூடத்தில் மாணவர் காண வைக்கப்பட்டுள்ளன. அதே சாலையில், கல்லூரி முதலில் இருந்த பகுதியை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகின்றனர். கல்லூரி சென்று பல்லாண்டுகள் ஆகியும் ஆளுநரின் பெயர் அங்கே நிலைத்துவிட்டது. கொடுத்தவரின் பெயரோ 2025-இல் அச்சாலையில் திறக்கப்பட்ட நெடிய மேம்பாலத்துக்குச் சூட்டப்பட்டுள்ளது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் எதிர்காலம் பேசப்படும். மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு, அப்பிள்ளையின் கை எதில் ஈடுபடுகிறது, மனம் எதில் நிலைக்கிறது என்பதையும் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். பழுதான மின்விசிறியைத் தானே பிரித்துப் பார்க்கும் சிறுவனை அதட்டி உட்கார வைக்காமல், அவனை உரிய பயிற்சி நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்டு, முப்பது வயதில் வேலை இழந்து நிற்கும் உறவினருக்கும் கற்க இன்னும் காலம் உண்டு என்று எடுத்துரைக்க வேண்டும். நாயுடு என்னும் பெருமகனுக்குச் செய்யத்தக்க நன்றி அதுவே ஆகும்.