கடன் தீர்த்த ஊறுகாய் மன்னர்



நம் பாலிடெக்னிக் கண்காட்சியில், இயந்திரவியல் துறை மேஜைமேல் ஒரு சின்ன ரயில் சரக்குப் பெட்டி நின்றதே, நினைவிருக்கிறதா? தண்டவாளத்தின்மேல் மரப் பீப்பாயைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். இது என்னப்பா சாராயப் பீப்பாயா என்று சிலர் கேலிகூடச் செய்தீர்கள். அது சாராயம் அல்ல, வினிகர். அதைச் செய்தவன் அடியேன்தான். நூலகத்தில் ஒரு பழைய ரயில்வே புத்தகத்தில் படத்தைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தேன். பெட்டியைச் செய்யப் போய் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் ஹென்றி ஜான் ஹெய்ன்ஸ். தக்காளி சாஸ் பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1844 அக்டோபர் 11ஆம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்குச் செங்கல் தொழில். பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். ஷார்ப்ஸ்பர்க் என்ற ஆற்றங்கரை ஊரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த காய்கறியைச் சிறு வயதிலேயே கூடையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக விற்றார். கூடை தள்ளுவண்டி ஆயிற்று. தள்ளுவண்டி குதிரை வண்டி ஆயிற்று. நடுவில் கணக்குப் பதிவியலும் படித்துக்கொண்டார்.

1869இல் கிளாரன்ஸ் நோபிள் என்ற நண்பரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். முதல் சரக்கு ஹார்ஸ்ரேடிஷ். முள்ளங்கி குடும்பத்தைச் சேர்ந்த, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் காரமான கிழங்கு அது. அதைத் துருவி வினிகரில் ஊறவைத்து விற்பார்கள். அந்தக் காலத்து வியாபாரிகள் டர்னிப் கிழங்கைக் கலந்து, வெளியே தெரியாதபடி பச்சை, பழுப்பு நிறப் பாட்டில்களில் அடைத்து விற்றார்கள். ஹெய்ன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? நிறமே இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தார். வாங்குகிறவர் கண்ணால் பார்த்து வாங்கட்டும் என்ற தைரியம். சரக்கு நன்றாக விற்றது.

ஆனால் 1873இல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி வந்தது. வங்கிகள் பல மூடப்பட்டன. இவரோ வெள்ளரிக்காய் விவசாயிகளிடம், விளைவதை எல்லாம் இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். 1875இல் வெள்ளரி அமோக விளைச்சல்! வண்டி வண்டியாக வந்து குவிந்தது. கொடுக்கக் கையில் காசு இல்லை. கம்பெனி திவாலாயிற்று. நேற்றுவரை வணக்கம் சொன்னவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், நண்பர்களே. காரணம், என் அப்பா. நான் ஆறாவது படிக்கும்போது அப்பா தக்காளிக் காட்டை மொத்தமாகப் பேசி முன்பணம் கொடுத்திருந்தார். அந்த வருஷம் தக்காளி ரோட்டில் கொட்டும் அளவுக்கு விலை விழுந்தது. பேசிய பணத்தை யாரும் கோர்ட்டுக்குப் போய்க் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அப்பா தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, சுவரில் ஆணியில் குத்தி வைத்தார். அம்மாவின் தோடு போச்சு. நாலு வருஷம் ஆயிற்று, கடைசிப் பெயரை அடிக்க. அப்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். ஊரில் எத்தனையோ பேர் கைவிரித்துவிட்டு நிம்மதியாகத்தானே இருக்கிறார்கள் என்று நினைப்பேன்.

ஹெய்ன்ஸும் ஒரு சின்ன நோட்டு போட்டார்! திவால் சட்டப்படி அவர் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத கடன்களைக்கூட, தார்மிகக் கடன்கள் என்று தலைப்பிட்டு அதில் எழுதிக்கொண்டார். 1876இல் தம்பி ஜான், உறவினர் ஃபிரடெரிக் இருவர் பெயரில் புதிய கம்பெனி ஆரம்பமானது. திவாலானவர் என்பதால் இவர் பெயரில் நடத்த முடியவில்லை. அந்த ஆண்டே தக்காளி கெச்சப் வந்தது. வருமானம் வர வர, நோட்டில் இருந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். 1888இல்தான் கம்பெனி ஹெச். ஜே. ஹெய்ன்ஸ் என்று அவர் பெயருக்கு மாறியது.

இனி நம்ம பெட்டிக்கு வருவோம். ஊறுகாய்க்கும் கெச்சப்புக்கும் வினிகர் ஆயிரக்கணக்கான காலன் வேண்டும். ஹெய்ன்ஸ் கம்பெனி வினிகரைத் தானே தயாரித்தது. அதைக் கொண்டுபோகச் சொந்தமாக ரயில் பெட்டிகளும் வைத்திருந்தது. வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். சாதா இரும்புத் தொட்டியை அது அரிக்கும். வினிகரும் கெட்டுப்போகும். அதனால் தொட்டி மரத்தில். நீளமான மரச் சட்டங்களை வட்டமாக அடுக்கி, வெளியே இரும்பு வளையங்கள் போட்டு இறுக்குவார்கள். வளையத்தின் முனையில் மரை வெட்டியிருக்கும். நட்டைத் திருகினால் இறுகும். உள்ளே ஈரம் பட்டால் மரம் உப்பி இடைவெளியை அதுவே அடைத்துக்கொள்ளும். காலியாகக் காயவிட்டால் சுருங்கி ஒழுகும். மறுபடி வளையத்தை இறுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு பரவிய பிறகு இந்த மரத்தொட்டிகள் மறைந்தன. மாதிரி ரயில் செய்பவர்கள் மட்டும் அவற்றை விடவில்லை.

நான் எடுத்த அளவு ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48இல் 1 பங்கு. 36 அடிப் பெட்டி 9 அங்குலம் ஆயிற்று. ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்பின்மேல், ஐஸ் குச்சிகளைப் பிளந்து ஒட்டினேன். முதல் தடவை பசையை மட்டும் நம்பினேன். மறுநாள் பாதிக் குச்சிகள் கிளம்பி நின்றன! மரவேலைக் கூடத்து ஆசிரியர் பார்த்துச் சிரித்துவிட்டு, வளையம் அலங்காரத்துக்கு இல்லையடா, மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா மாதிரி அதுதான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது என்றார். இரண்டாவது தடவை செம்புக் கம்பியைச் சுற்றி இறுக்கிக் காயவைத்தேன். அசையவில்லை.

ஹெய்ன்ஸின் மற்ற சாதனைகளும் பெரியவை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் கடை மாடியில் ஒதுக்குப்புறமாக இருந்தது. கூட்டம் ஏறி வரவில்லை. வருகிறவர்களுக்குப் பரிசு உண்டு என்று அட்டை அச்சடித்துக் கொடுத்தார். பரிசு, குட்டி வெள்ளரி ஊறுகாய்ச் சின்னம். கூட்டம் அலைமோதியது. 1896இல் ரயிலில் போகும்போது 21 வகைச் செருப்பு என்ற விளம்பரத்தைப் பார்த்து, 57 வகை என்ற தன் விளம்பரத்தைப் பிடித்தார். உண்மையில் அப்போதே 60க்கு மேல் சரக்குகள் இருந்தன. எண் பிடித்துப் போயிற்று, அவ்வளவுதான். தொழிலாளர்களுக்கு உணவுக்கூடம், நூலகம், மருத்துவ வசதி செய்து கொடுத்தார். கலப்படத்தைத் தடுக்க 1906இல் வந்த தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்தைப் பல உணவு வியாபாரிகள் எதிர்த்தபோது இவர் ஆதரித்தார். கண்ணாடிப் பாட்டில்காரர் வேறு என்ன செய்வார்! 1919 மே 14ஆம் தேதி நிமோனியாவில் காலமானபோது அவருக்கு வயது 74. கம்பெனிக்கு அப்போது 20க்கு மேல் ஆலைகள்.

கண்காட்சியின் கடைசி நாள் அப்பா வந்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல். அதனால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஹெய்ன்ஸின் நோட்டைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. பெட்டியின் வளையத்தை விரலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். ஒழுகாதா என்று கேட்டார். ஒழுகாது அப்பா என்றேன்.

நண்பர்களே, நம்மில் பலர் கடன் வாங்கித்தான் படிக்கிறோம். ரசீது உள்ள கடனை வங்கி நினைவுபடுத்தும். ரசீது இல்லாத கடனை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். நான் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். முதல் வரியில் அம்மாவின் தோடு.



— இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு