கணித மேதை சிவசங்கரநாராயண பிள்ளை

சீனிவாச இராமானுஜனின் பெயரை அறியாத தமிழர் இலர். அவர் 1920-ஆம் ஆண்டில் மறைந்தார். 9 ஆண்டுகளுக்குப்பின் அதே சென்னையிலிருந்து, எண் கணிதத்தில் உலகம் ஒப்பும் ஆராய்ச்சியொன்றை வெளியிட்டவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. கணித அறிஞரிடையே அப்பெயருக்கு உள்ள மதிப்பு பெரிது. நம்மவர் வீடுகளில் அது வழங்காதிருப்பதை நாம் குறையென்றே கருதுகிறோம்.

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில் 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி பிள்ளையவர்கள் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார்; பள்ளிப்படிப்பு முடியுமுன் தந்தையும் காலமானார். அத்துடன் படிப்பு நின்றிருக்க வேண்டியதே. சாஸ்திரியார் என்ற ஆசிரியர் ஒருவர் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து பொருளுதவி செய்து அவரைத் தாங்கினார். பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி ஆகியவற்றில் பயின்று பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணவராகிப் பேராசிரியர் ஆனந்தராவின் கீழ் அமர்ந்தார்.

அங்கே அவர் கைக்கொண்ட பொருள், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் வகுத்த ஃபை என்னும் கணக்கு. 12 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதற்கு உட்பட்ட எண்களில், 1-ஐத் தவிர அதனுடன் வேறு பொது வகுத்தி இல்லாதவை 1, 5, 7, 11 ஆகிய நான்கே. ஆதலின் 12-இன் ஃபை 4. சென்னையிலிருந்து சிதம்பரம் செல்லும் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் இருக்கிறது. அங்கே ஆலம்பரைக் கோட்டையை ஒட்டிய மணலில் எந்தச் சிறுவனும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வட்டமாக 12 முளைகளை அடித்து, ஐந்தாவது முளைக்கு ஐந்தாவது முளையாகக் கயிற்றைச் சுற்றிச் சென்றால், எல்லா முளைகளையும் தொட்டே கயிறு தொடங்கிய இடத்துக்கு மீளும். நான்கு நான்காகச் சென்றால் மூன்று முளைகளோடு திரும்பிவிடும். எல்லா முளைகளையும் தொடும் வழிகள் எத்தனையோ அதுவே ஃபை.

எண்ணைக் கொடுத்து ஃபையைக் கேட்பது எளிது. ஃபையைக் கொடுத்து எண்ணைக் கேட்பதுதான் சங்கடம். விடை 4 என்றால் மூல எண் 5, 8, 10, 12 ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். விடை 12 என்றாலோ 13, 21, 26, 28, 36, 42 என ஆறு உள்ளன. 14 என்றால் ஒன்றுமே இல்லை. மூல எண்ணை வகுக்கும் ஒவ்வொரு பகா எண்ணிலும் 1-ஐக் கழித்தால் எஞ்சுவது 14-ஐ வகுக்க வேண்டும். அவ்வாறு அமைபவை 2, 3 என்ற இரண்டு பகா எண்களே. இவற்றை மட்டும் பெருக்கி உண்டாக்கிய எந்த எண்ணின் ஃபையிலும் 7 என்ற காரணி வரவே வராது.

விடையாக அமையும் எண்கள் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பிள்ளையவர்கள் கேட்டார். மேலே செல்லச் செல்ல அப்பங்கு சூனியத்தை நெருங்குகிறது என்று 1929-இல் அமெரிக்கக் கணித சங்கத்தின் பத்திரிகையில் நிறுவினார். யுக்தி எளிமையானது. ஓர் எண்ணுக்கு ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் பல இருந்தால், ஒவ்வொன்றும் ஃபைக்கு ஒரு 2-ஐயேனும் கொடுக்கும். பல தடவை 2-ஆல் வகுபடும் எண்களோ அரியவை. பகாக் காரணிகள் சிலவே உள்ள எண்களும் அரியவையே. ஆக, எவ்வழியில் வந்தாலும் விடைகள் சொற்பம். இதிலிருந்து வேறோர் உண்மையும் தானே விளைகிறது. திரளான எண்களின் ஃபைகள் சில இடங்களிலேயே குவிய வேண்டியிருப்பதால், ஒரே ஃபையைப் பகிர்ந்துகொள்ளும் எண்களின் தொகைக்கு வரம்பே இல்லை. இருபத்தெட்டு வயதினர் ஒருவரின் கையிலிருந்து இது வந்தது!

எர்டோஷ் 1935-இல் இம்முடிவை மேலும் கூர்மையாக்கினார். விடைகளின் தொகைக்குச் சரியான அளவை 1998-இல் கெவின் ஃபோர்டு கண்டார். ஒரே ஒரு மூல எண்ணை மட்டும் உடைய ஃபை எதுவும் இல்லை என்று கார்மைக்கேல் கூறியதோ இன்னமும் நிறுவப்படாமலே நிற்கிறது.

1929-இலேயே பிள்ளையவர்கள் அண்ணாமலைச் சர்வகலாசாலைக்குச் சென்றார். 1941 வரை சிதம்பரமே அவருடைய ஆராய்ச்சிக் களம். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். கனங்களானால் ஒன்பது போதும். உயர்ந்த படிகளுக்கு எத்தனை வேண்டும் என்பதே வேரிங்கின் பிரசித்தமான பிரச்சினை. அதன் பெரும் பகுதியை அவர் சிதம்பரத்தில் தீர்த்தார். அமெரிக்கப் பேராசிரியர் டிக்ஸனும் அதே காலத்தில் தனியாக அவ்விடத்தை அடைந்தார். ஆறாம் படிக்கு 73 போதும் என்று 1940-இல் நிறுவியவர் பிள்ளையவர்களே. பின்னர் திருவிதாங்கூரிலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார். அவருடைய கட்டுரைகள் முழுத் தொகுப்பாக வெளிவர 2010 வரை காத்திருக்க நேர்ந்தது. அறுபது ஆண்டுத் தாமதம் சிறிதன்று.

1950-இல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. ஹார்வர்டில் கூடிய சர்வதேசக் கணித மகாநாட்டிலும் கலந்துகொள்ளக் கருதி அவர் விமானம் ஏறினார். மகாநாடு ஆகஸ்டு 30-ஆம் தேதி தொடங்கிற்று. மறுநாள் விடியுமுன் கெய்ரோவுக்கு அருகே அவ்விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளையவர்களுக்கு அப்பொழுது வயது 49.