கிம் கு

கிம் கு (ஆகஸ்ட் 29, 1876 – ஜூன் 26, 1949) கொரிய விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல் தலைவரும் ஆவார். கொரியா ஜப்பானின் ஆட்சியின் கீழ் இருந்தபோது, சீனாவில் இயங்கிய கொரிய இடைக்கால அரசுக்குத் தலைமை தாங்கினார். பெக்பொம் என்னும் புனைபெயராலும் இவர் அறியப்படுகிறார். 1919 முதல் 1945 வரை நாட்டுக்கு வெளியே வாழ்ந்த இவரது போராட்டத்தின் சுமையை இவருடைய தாயும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே சுமந்தனர்.

இளமையும் சிறைவாசமும்

இன்றைய வட கொரியாவில் உள்ள ஹேஜு நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் கிம் கு பிறந்தார். 1894 இல் நடைபெற்ற டொங்ஹாக் உழவர் கிளர்ச்சியில் பங்கேற்றார். 1895 இல் கொரிய அரசி மின், அரண்மனைக்குள் புகுந்த ஜப்பானியரால் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கும் எண்ணத்துடன், 1896 இல் சிகாபோ என்னும் இடத்தில் ஜப்பானியர் ஒருவரைக் கிம் கு கொன்றார். கொல்லப்பட்டவர் படைவீரர் என்று இவர் கருதினார். ஜப்பானிய ஆவணங்கள் அவரை வணிகர் என்கின்றன.

இஞ்சியோன் சிறையில் அடைக்கப்பட்ட இவருக்கு உணவு கொண்டு செல்வதற்காக, தாய் குவாக் நாக்-வொன் அந்நகரில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்தார். மரண தண்டனை நிறைவேற்றப்படாமல் இருந்த நிலையில், 1898 இல் கிம் கு சிறையிலிருந்து தப்பினார். அதற்காக இவரது பெற்றோர் சிறைப்பட்டனர். கிம் கு சில காலம் மகோக்சா பௌத்த மடத்தில் துறவியாக வாழ்ந்தார்.

1904 இல் சொய் ஜுன்-ரியேயை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைகள் மூவரும் சிறு வயதிலேயே இறந்தனர். 1910 இல் ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக் கொண்டது. அடுத்த ஆண்டு கைதான கிம் குவுக்குப் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1915 இல் விடுதலையானார். தாழ்ந்த குலத்தவராக ஒதுக்கப்பட்ட இறைச்சி வெட்டுவோரையும் எளிய மனிதரையும் குறிக்கும் பெக்பொம் என்ற பெயரைச் சிறையில்தான் சூடிக்கொண்டார்.

ஷாங்காய் வாழ்க்கை

1919 மார்ச் முதல் நாள் இயக்கத்தைத் தொடர்ந்து கிம் கு ஷாங்காய் சென்றார். அந்நகரின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் அமைக்கப்பட்ட இடைக்கால அரசில் காவல்துறைத் தலைவரானார். மனைவியும் மூத்த மகன் இன்னும் 1920 இலும், தாய் 1922 இலும் வந்து சேர்ந்தனர். இளைய மகன் ஷின் 1922 இல் பிறந்தார்.

குழந்தை பிறந்தபின் மாடிப்படியில் விழுந்த சொய் ஜுன்-ரியே நோயுற்று, ஹொங்கு பகுதியிலிருந்த கிறித்தவ மறைப்பணியாளர்களின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிரெஞ்சுப் பகுதிக்கு வெளியே சென்றால் ஜப்பானியக் காவலரிடம் பிடிபடும் நிலை இருந்ததால், அதே நகரில் இருந்தும் கிம் குவால் அங்கு செல்ல இயலவில்லை. 1924 ஜனவரி 1 அன்று கணவர் அருகில் இல்லாமலேயே அவர் இறந்தார்.

வறுமை மிகுந்த அந்நாட்களில், சந்தையில் வீசப்பட்ட முட்டைக்கோசு இலைகளைப் பொறுக்கி வந்து தாய் சமைத்தார். 1925 இல் அவர் ஷின்னுடன் கொரியா திரும்பினார். பின்னர் இன்னும் அங்கு அனுப்பப்பட்டார்.

தலைமறைவு

1931 இல் கிம் கு கொரியத் தேசபக்தர் அமைப்பைத் தொடங்கினார். 1932 ஜனவரியில் அதன் உறுப்பினர் லீ பொங்-சாங் டோக்கியோவில் ஜப்பானியப் பேரரசர் மீது குண்டு வீசினார், பேரரசர் தப்பினார். ஏப்ரல் 29 அன்று ஷாங்காயின் ஹொங்கு பூங்காவில் யுன் பொங்-கில் வீசிய குண்டால் தளபதி ஷிரகவா உள்ளிட்டோர் உயிரிழந்தனர். யுன் அவ்வாண்டு டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தாக்குதலுக்குக் கிம் கு பொறுப்பேற்றார். இவரைப் பிடிக்க அறிவிக்கப்பட்ட பரிசுத்தொகை பின்னர் மும்மடங்காக உயர்த்தப்பட்டது. இவர் முதலில் அமெரிக்க மறைப்பணியாளர் ஜார்ஜ் ஃபிட்சின் வீட்டிலும், பிறகு ஜியாசிங் நகரில் சீனத் தலைவர் சூ ஃபூசெங்கின் ஆதரவிலும் மறைந்திருந்தார். அங்கு சீனராக நடித்து, பெண் ஒருவரின் படகில் கால்வாய்களில் நாட்களைக் கழித்தார்.

1934 இல் தாய் இரு பேரன்களுடன் கொரியாவிலிருந்து தப்பி வந்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மகனும் தாயும் சந்தித்தனர். தம் பிறந்தநாளுக்காகத் தோழர்கள் திரட்டிய பணத்தில் அவர் கைத்துப்பாக்கிகளை வாங்கி அவர்களிடமே கொடுத்தார். 1939 இல் சோங்சிங்கில் காலமானார்.

1940 இல் கிம் கு மீண்டும் இடைக்கால அரசின் தலைவரானார். அவ்வாண்டு கொரிய விடுதலைப் படை அமைக்கப்பட்டது. 1945 மார்ச்சில், நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, மூத்த மகன் இன் சோங்சிங்கில் காசநோயால் இறந்தார்.

நாடு திரும்புதலும் மறைவும்

இடைக்கால அரசை அமெரிக்க இராணுவ நிர்வாகம் ஏற்காததால், 1945 நவம்பரில் கிம் கு தனிமனிதராகவே நாடு திரும்பினார். நாடு பிரிக்கப்படுவதை எதிர்த்து, 1948 ஏப்ரலில் பியொங்யாங் சென்று வடக்குத் தலைவர்களுடன் பேசினார், அம்முயற்சி பலனளிக்கவில்லை. 1949 ஜூன் 26 அன்று சியோலில் தம் இல்லத்தில் கொரிய இராணுவ அதிகாரி ஆன் டூ-ஹீயால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுள் தண்டனை பெற்ற ஆன், அடுத்த ஆண்டே விடுவிக்கப்பட்டு இராணுவத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார்.

தன்வரலாறு

கிம் குவின் தன்வரலாறான பெக்பொம் இல்ஜி 1947 இல் வெளியானது. எந்நேரமும் உயிரிழக்கக்கூடும் என்ற நிலையில், கொரியாவிலிருந்த தம் இரு மகன்களுக்குத் தந்தையின் வாழ்வைத் தெரிவிக்கவே இதன் முதற்பகுதியை 1928–29 இல் எழுதினார். இளைய மகன் ஷின் பின்னர் தென் கொரிய வான்படையின் தலைமைத் தளபதியானார்.

கிம் கு சியோலின் ஹியோசாங் பூங்காவில் அடக்கம் செய்யப்பட்டார். ஷாங்காயில் இறந்த மனைவியின் எச்சங்கள் 1948 இல் கொரியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1999 இல் இவரது கல்லறையில் சேர்த்து அடக்கம் செய்யப்பட்டன.