உ.வே.சா. எழுதி முடிக்காத நினைவுகள்



காலையில் சாப்பிட்டதை மறந்துவிடும் உங்கள் வீட்டுத் தாத்தா, சிறுவயதில் தீப்பெட்டி ஒட்டியதை மட்டும் பிசகாமல் சொல்கிறாரா? அப்படியென்றால் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் கதையைக் கேளுங்கள்.

1855-ல் பிறந்தவர். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

1940-ல், 85-ஐ நெருங்கும் வயதில், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். அதில் குருவிடம் படித்த நாட்கள்தான் எவ்வளவு விரிவாக வருகின்றன! அப்போது அவருக்கு 16 முதல் 21 வயது. முதியவர்கள் நினைவுகூரும்போது 10 முதல் 30 வயது வரை நடந்தவையே அதிகம் வருகின்றன என்று ஆய்வுகளும் சொல்கின்றன. பலவும் முதன்முறையாக நடக்கும் வயது அல்லவா அது!

1942 ஏப்ரல் 28-ல் அவர் காலமானார். தொடர் பாதியில் நின்றது; பிற்கால வாழ்க்கை எழுதப்படாமலே போயிற்று.

நம் பெரியவர்களிடமும் எத்தனையோ இருக்கிறது. 1967-ல் காமராஜர் விருதுநகரில் தோற்ற நாளை இளைஞர்களாகப் பார்த்தவர்கள் இன்று எண்பதை எட்டிவிட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள், எழுதி வையுங்கள்.