கோடுகளால் கடலை வரைந்த நஸ்ரீன் முகமதி: யார் இவர்?

தெம்பனிஸிலிருந்து பேருந்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் சாங்கிக் கடற்கரைக்குப் போய்விடலாம். எதிரே புலாவ் உபின், அதற்கு அப்பால் ஜொகூர். நடுவில் எங்கோ இரு நாடுகளின் எல்லை ஓடுகிறது. தண்ணீரில் அது தெரிகிறதா? வரைபடத்தில்தான் தெரியும்.

அப்படியொரு கோடு, ஒருவர் பிறந்த ஊரையே வேறு நாடாக்கிவிட்டால்?

நஸ்ரீன் முகமதி 1937இல் கராச்சியில் பிறந்தார். 1944இல் குடும்பம் மும்பைக்குக் குடிபெயர்ந்தது. மூன்றே ஆண்டில் பிரிவினை. கராச்சி பாகிஸ்தானுக்குப் போனது. அப்பாவுக்கு பஹ்ரேனில் புகைப்படக் கருவிகள் விற்கும் வணிகம். அதனால் சிறு வயதிலிருந்தே அவருக்குக் கேமரா பழக்கம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பாலைவனம் என்று இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்.

லண்டனிலும் பாரிஸிலும் ஓவியம் படித்தார். தொடக்கத்தில் வரைந்தவற்றில் கரையும் செடிகொடிகளும் மங்கலாகவாவது தெரியும். போகப் போக அவையும் மறைந்தன. 1970களில் எஞ்சியவை கோடுகள் மட்டுமே. ஆள், மரம், வீடு என எதையும் அடையாளம் காட்டாத இதைத்தான் அரூப ஓவியம் என்கிறோம்.

"வெறும் கோடுதானே, நானும் போடுவேனே" என்று தோன்றுகிறதா? அவர் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்தும் பேனாவும் அளவுகோலும் கொண்டு, முடி போல மெல்லிய கோடுகள். சில இடத்தில் நெருங்கும், சில இடத்தில் விலகும், திடீரென்று அறுந்து நிற்கும். அலை பின்வாங்கிய பிறகு ஈர மணலில் நிற்கும் வரிகள் மாதிரி. அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. எல்லைக்கோடு என்று ஒருவர் சொன்னாலும் மறுக்க முடியாது. அவர் எந்த விளக்கமும் தரவில்லை.

1972 முதல் பரோடாவில் பல்கலைக்கழக ஆசிரியர். அங்கே சக ஓவியர்கள் பலர் மனிதர்களையும் கதைகளையும் வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கறுப்பு, வெள்ளை, சாம்பல். தனியாள்தான்!

அதைவிடப் பெரிய சோதனை உடம்பிலிருந்து வந்தது. நரம்புக் கோளாறால் கைகால்கள் மெல்ல மெல்லச் சொன்னபடி கேட்காமல் போயின. ஆனால் பிற்கால ஓவியங்களில் நடுக்கத்தைத் தேடினால் கிடைக்காது. கோடுகள் முன்பைவிடத் துல்லியம். வரையும்போது அந்தக் கையை எப்படி அடக்கினாரோ!

1990இல், மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அவர் எடுத்த புகைப்படங்கள் உயிரோடிருந்தவரை காட்சிக்கு வரவே இல்லை. 2016இல் நியூயார்க்கில் மெட் பிரூயர் அரும்பொருளகம் திறந்தபோது, முதல் கண்காட்சிகளில் ஒன்று இவருடையது.

அவர் ஓவியங்களின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் 'தலைப்பில்லாதது' என்றே வரும். பலவற்றுக்கு ஆண்டுகூடத் தோராயம்தான். அவர் எழுதி வைக்கவில்லை.