கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோல்

கோகோ ஷனேல் என்றதும் பேரங்காடியில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் கைப்பையும் வாசனைத் திரவியமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கத்தரிக்கோல். அதை ரிப்பனில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் வேலை செய்யும் புகைப்படங்களைப் பார்த்த பிறகுதான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் தேதி பிரான்சின் சோமூர் நகரில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் கேப்ரியல். 11 வயதில் தாயை இழந்தார். ஊர் ஊராகச் சென்று வியாபாரம் செய்த தந்தை, மகள்களைக் கன்னியர் நடத்திய அனாதை இல்லத்தில் விட்டுச் சென்றுவிட்டார். தையல் பழகியது அங்கேதான். பிறகு தையற்கடை வேலை, 1910இல் பாரிசில் தொப்பிக் கடை, அதன்பின் ஆடைகள், உலகப் புகழ். இதெல்லாம் பலரும் எழுதியதுதான்.

என்னை நிறுத்தி வைத்தது அவர் வேலை செய்த விதம். ஷனேல் தாளில் படம் வரைந்து ஆடை வடிவமைப்பவர் அல்லர். துணியை மாடல் பெண்ணின் உடலிலேயே போட்டு, குண்டூசி குத்திச் சரிபார்ப்பார். கையைத் தூக்கச் சொல்வார், நடக்கச் சொல்வார். கையை உயர்த்தும்போது கோட்டும் சேர்ந்து மேலே ஏறினால், தைத்து முடித்த கையை அங்கேயே பிரித்து எடுத்துவிடுவார். மறுபடி பொருத்துவார். இதே கோட்டில், இதே கையில், இது பலமுறை நடக்கும். மாடல் பெண்கள் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கால் கடுத்திருக்கும், பாவம்!

தைக்கத் தெரிந்த தோழிகளிடம் கேட்டுப் பாருங்கள். அலமாரியின் அடியில் ஒரு பை இருக்கும். தோளில் இழுக்கும் ரவிக்கை, ஒருபக்கம் நீண்டுபோன பாவாடை என்று, தீபாவளிக்குள் பிரித்துத் தைக்கலாமென எடுத்து வைத்தவை. இரண்டு தீபாவளி கடந்திருக்கும். பிரிக்க அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் பிரித்தால் செய்த உழைப்பு வீண் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடுமே என்ற எண்ணம்தான் தடுக்கிறது. ஷனேலுக்குப் பிரிப்பதும் தைப்பதைப் போல அன்றாட வேலை. இன்னொன்றும் உண்டு. ஆடை உடலில் இருக்கும்போதுதான் பிழை தெரியும். கழற்றி மாட்டிவிட்டால் அது ஒளிந்துகொள்ளும். அவர் உடனே கத்தரிக்கோலை எடுத்ததற்கு அதுவும் காரணம் என்பது என் ஊகம்.

1939இல் போர் மூண்டபோது ஆடையகத்தை மூடினார். 1954 பிப்ரவரி 5ஆம் தேதி, 70 வயதில், மீண்டும் ஆடைகளை அரங்கேற்றினார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் பழைய சரக்கு என்று கேலி செய்தன. அவர் துவளாமல் அடுத்த தொகுப்புக்கான வேலையில் இறங்கினார். அமெரிக்கப் பெண்கள் அந்தக் கோட்டுகளை விரும்பி வாங்கினார்கள். கோட்டின் கீழ்விளிம்பு நேராக விழ உள்ளே மெல்லிய உலோகச் சங்கிலி வைத்துத் தைக்கும் நுணுக்கம் அவற்றில் இருந்தது.

ஆனால் அவர் எல்லாவற்றையும் பிரித்துத் திருத்தியவர் அல்லர். ஜெர்மானியர்கள் பாரிசைப் பிடித்திருந்த காலத்தில் ஜெர்மானிய அதிகாரி ஒருவருடன் நெருங்கிப் பழகினார். 1941இல், யூதர்களின் சொத்துகளைப் பறிக்கும் சட்டத்தைக் காட்டி, தம் வாசனைத் திரவிய நிறுவனத்தின் யூதப் பங்காளிகளான வெர்தைமர் குடும்பத்திடமிருந்து அதைக் கைப்பற்ற முயன்றார். அது பலிக்கவில்லை. 1954இல் அவர் திரும்பி வரப் பணம் கொடுத்ததும் அதே குடும்பம்தான். ஒரு கையின் சுருக்கத்தை மறுநாளுக்கு விட்டுவைக்காதவர், இதை மட்டும் எப்படி அப்படியே விட்டுவிட்டார்? அவரை வியந்து படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்கு உறுத்துகிறது.

1971 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை, பாரிசின் ரிட்ஸ் ஹோட்டலில் தம் 87ஆம் வயதில் காலமானார். அந்த ஆண்டின் வசந்தகால ஆடைகளுக்கான வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த மாத இறுதியில் அவை அவரில்லாமலேயே அரங்கேறின.