சுருளிமலை குருவும் தஞ்சாவூர் மூலிகைத் தோட்டமும்



போகர், பழனி நவபாஷாணம்னு சித்த வைத்தியம் பற்றி நிறைய பதிவு படிச்சிருப்பீங்க. இன்றைக்கு நம்ம காலத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வாழ்ந்த ஒருவர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

கிறிஸ்தவராச்சே, முருகன் அடியார்களுக்கு இவர் கதை எதுக்குன்னு சிலர் கேட்கலாம். இவருக்கு மூலிகை சொல்லிக் கொடுத்த குரு கருணானந்தர் இருந்தது சுருளிமலையில். நம்ம வேலப்பர் குடியிருக்கிற அதே மலை. அது போதாதா?

1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் படித்து, அங்கேயே வாத்தியாரானார். பிடில் கற்றதும் அங்கேதான். வைத்தியத்தில் ஆசை வந்தபின் ஏடு படிப்பதோடு நிற்கவில்லை. செடியைக் கண்ணால் பார்க்கணும், தெரிந்தவர் வாயால் கேட்கணும் என்று மலை ஏறினார். அப்படித்தான் கருணானந்தரைச் சந்தித்தார். மதம் என்னன்னு குருவும் பார்க்கலை, சிஷ்யரும் பார்க்கலை.

கல்யாணத்துக்குப் பிறகு தஞ்சாவூர். கணவன் மனைவி இருவருமே பள்ளிக்கூட வேலை. வைத்தியத்துக்குக் கூட்டம் பெருகவே வேலையை விட்டுவிட்டார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கு. பத்துப் பேருக்கு மருந்து கொடுக்கிற வைத்தியர் வேலியோரம் பறித்துச் சமாளிக்கலாம். ஊர் ஊராக மருந்து போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டால் அது நடக்காது. கடையில் வாங்கினால் காய்ந்த சருகில் எது கீழாநெல்லி, எது அதைப் போலவே இருக்கிற இன்னொன்று என்று யார் சொல்வது? கரிசலாங்கண்ணியிலேயே வெள்ளைப் பூ ஒன்று, மஞ்சள் பூ ஒன்று. இரண்டும் வேறு வேறு செடி. பூ உதிர்ந்து பொடியாகிவிட்டால் அனுபவசாலிக்கும் சிரமம். பறித்த பருவம் தப்பினாலும் குணம் குறையும்னு வைத்தியர்கள் சொல்வாங்க. தப்பான சரக்கு உள்ளே போனால் கெடுவது வைத்தியர் பேர் மட்டுமா? நம்பி வாங்கிச் சாப்பிட்ட நோயாளி என்ன ஆவார்?

பண்டிதர் தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கினார். மூலிகைகளைத் தானே பயிரிட்டார். குருவின் பேராலேயே அந்த இடத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். ஊர் ஜனங்கள் வாயில் அது பண்டிதர் தோட்டம். மருந்துகளுக்கும் குரு பெயர்தான்: கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள். கோரோசனை மாத்திரை ரொம்பப் பிரபலம். அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

எல்லா மூலிகையும் தோட்டத்தில் வராது, உண்மைதான். மலைக் குளிர் கேட்கிற செடி தஞ்சாவூர் வெயிலில் நிற்காது. ஆனால் தூதுவளை, ஆடாதொடை மாதிரி சமவெளியில் வளர்கிறதையும் மலையில் போய்ப் பிடுங்குவது எதுக்கு? சுருளி இன்றைக்குப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கு. ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போகிற நம்ம ஆட்களே சிலர் சித்தர் மூலிகைன்னு பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். வேரோடு போனது திரும்ப வருமா? வேலப்பருக்கு முன்னால் அது எப்படிச் சரியாகும்னு எனக்குத் தெரியலை.

மருந்தில் வந்த வருமானத்தைப் பண்டிதர் இசைக்குக் கொட்டினார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி, தஞ்சாவூரில் சொந்தச் செலவில் மாநாடுகள் நடத்தினார். வித்வான்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர் பொறுப்பு. 1916-ல் பரோடா மாநாட்டுக்கும் போய்த் தமிழிசைச் சுருதி பற்றிப் பேசினார். மகள்கள் வீணை வாசித்துக் காட்டினார்கள்.

1917-ல் ஆயிரம் பக்கத்துக்கும் மேலான அந்த இசை நூல் வெளிவந்தது. அதற்குக் கருணாமிர்த சாகரம் என்று பெயரிட்டார். சுருளிமலை குருவின் பெயர் அதிலும் ஒலிக்கிறது. இரண்டு வருஷம் கழித்து, 1919 ஆகஸ்ட் 31-ல் காலமானார்.